கோடைக் காற்றும் சோழமண்டலக் கரையும்

தில்லியிலும் நாகபுரியிலும் வாழும் தமிழர்களுக்குச் சித்திரை மாதம் என்றதும் வெயிலே முதலில் நினைவுக்கு வரும். வட இந்தியச் சமவெளியில் அக்காலத்தில் வீசும் உலர்ந்த அனற்காற்றை அங்குள்ளோர் 'லூ' என்பர். கதவையும் பலகணியையும் அடைத்துக்கொண்டு, காற்று உள்ளே புகாதபடி காத்துக்கொள்வதே அங்கே கோடையைக் கழிக்கும் முறை. நாகப்பட்டினத்திலோ, கடலூரிலோ, திருவல்லிக்கேணியிலோ பிறந்து வளர்ந்து வடக்கே சென்றவர்களுக்கு முதல் ஆண்டில் இது பெரும் விந்தையாகவே தோன்றியிருக்கும். ஏனெனில் நம் கடற்கரை ஊர்களில் கோடை வந்தால் கதவைத் திறந்து வைப்பதே வழக்கம். நண்பகல் கடந்ததும் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர், "காற்று திரும்பிவிட்டதா?" என்று கேட்பார். தென்னங்கீற்று கிழக்கிலிருந்து அசையத் தொடங்கினால் வீடு முழுவதும் பெருமூச்சு விடும்.

வெயிலும் காற்றும் ஒருங்கே வரும் பருவம் அது. அந்தக் காற்றை நாம் பெரும்பாலும் ஓர் ஆறுதலாகவே எண்ணி மறந்துவிடுகிறோம். ஆனால் சோழமண்டலக் கரையின் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கினால், அதில் பாதி இந்தக் காற்றின் செயலே என்பது புலனாகும். மரக்கலம் ஓடியதும், மணல் குவிந்ததும், உப்பு விளைந்ததும் இதனால்தான். இதனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டோர் வாழ்ந்தனர். சேர்க்க மறந்தோர் பின்னர் வருந்தினர். இவ்வுண்மையையே இன்று சில செய்திகளைக் கொண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நம் முன்னோர் காற்றைக் காற்று என்று மட்டும் சொல்லி அமையவில்லை. வீசும் திசை நோக்கி நான்கு பெயர்கள் இட்டனர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வெயிற்காலத்துக்கும் மேல்காற்றுக்கும் கோடை என்ற ஒரே சொல் வழங்குவது கருதத்தக்கது. வெப்பத்தைக் கொண்டு வருவது எந்தத் திசைக் காற்று என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த பழைய மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். கடலோடிகளிடம் இன்னும் சில பெயர்கள் உண்டு. மேல்காற்றைக் கச்சான் என்றும், தென்திசைக் காற்றைச் சோழகம் என்றும் சொல்லும் வழக்கம் தென்கரை ஊர்களில் உள்ளது. படகும் வலையும் காற்றை நம்பியிருந்த காலத்தில் இப்பெயர்களைப் பிழையின்றி அறிவது உயிர்காக்கும் கல்வியாக இருந்தது.

இக்காற்று எழும் வகையைச் சுருக்கமாகக் காண்போம். மாசி, பங்குனி மாதங்களில் வங்கக்கடலின்மேல் காற்றழுத்தம் சற்று மிகுந்திருக்கும். அதனைச் சுற்றி வரும் காற்று நம் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வீசும். இது பருவக் காற்று. இதனோடு நாள்தோறும் எழும் கடற்காற்று ஒன்றும் சேர்கிறது. காலை வெயிலில் நிலம் விரைவில் சூடேறும். கடல் மெல்லவே சூடேறும். நிலத்தின்மேல் உள்ள காற்று சூடேறி மேலெழ, கடலின்மேல் உள்ள குளிர்ந்த காற்று கரை நோக்கி வரும். இரவில் இந்த முறை மாறும். நிலம் விரைந்து குளிர்வதால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லச் செல்லும்.

சித்திரையில் இக்கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே கரையேறிவிடும். வைகாசி பிறந்து கத்திரி வெயில் முற்றும்போது நிலைமை வேறு. உள்நாட்டிலிருந்து வரும் மேல்காற்று வலுப்பெற்றுக் கடற்காற்றை எதிர்த்து நிற்கும். இரண்டுக்கும் நடக்கும் போட்டியில் கடற்காற்று எந்த நேரத்தில் வெல்கிறது என்பதைப் பொறுத்தே அன்றைய வெப்பம் அமையும். அது காலந்தாழ்ந்து வரும் நாளிலும், வராமலே போகும் நாளிலும் கடற்கரை நகரமும் உள்நாட்டு ஊரைப்போல் கொதிக்கும். 2003ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் சென்னை நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டியது. கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் அந்நகரம் அவ்வாறு கொதித்ததற்கு மேல்காற்றின் ஆதிக்கமே காரணம்.

நுங்கம்பாக்கம் என்றதும் அங்குள்ள வானாய்வு நிலையத்தின் வரலாற்றையும் குறிப்பிட வேண்டும். 1786இல் வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தம் சொந்த முயற்சியில் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். 1790இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதனை ஏற்றுக்கொண்டது. மைக்கேல் டாப்பிங் என்பாரின் முயற்சியால் 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்குத் தனிக்கட்டடம் எழுந்தது. கப்பல்களுக்குத் திசையும் தொலைவும் பிழையின்றித் தெரிய வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகளும் எழுதப்பட்டன. ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் அப்பணியைத் தொடங்கிவைத்தார். வானாய்வுப் பணி 1899இல் கோடைக்கானலுக்குச் சென்றுவிட்ட பின்னும், வானிலைப் பணி நுங்கம்பாக்கத்திலேயே தொடர்ந்தது. பழைய கூடத்தில் கருவி தாங்கி நின்ற கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அதில் பிறமொழி எழுத்துகளோடு தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. நம் கரையின் வெயிலும் காற்றும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த வளாகத்தில் கணக்கிடப்பட்டு வருகின்றன என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

கருவிகள் வருமுன்னரே காற்றைக் கணித்தவர்கள் நம் மீனவர்கள். இயந்திரம் வாராத காலத்தில் கட்டுமரக்காரர் விடியுமுன் புறப்படுவர். நிலத்திலிருந்து கடல் நோக்கிச் செல்லும் இரவுக் காற்று அவர்களை வெளியே கொண்டு செல்லும். நண்பகலுக்குப்பின் எழும் கடற்காற்று பாய்க்குள் நிறைந்து அவர்களைக் கரை சேர்க்கும். ஒரே நாளில் போவதற்கு ஒரு காற்றும் வருவதற்கு ஒரு காற்றுமாகக் கூலியின்றி வேலை செய்தது இயற்கை. வலையில் மீன் இருந்தும் காற்று பொய்த்தால், வெயிலில் மீன் கெடும். துடுப்புப் போட்டுக் கை சலிக்கும். ஆகவே, "காற்று வந்ததா?" என்ற கேள்வி திண்ணையில் சுகத்தைப் பற்றியது, குப்பத்திலோ அன்றைய சோற்றைப் பற்றியது.

பெருங்கலங்களின் வாழ்வும் அவ்வாறே. காற்றை ஏவல் கொண்டு கடலில் கலம் செலுத்திய மன்னனின் வழியில் வந்தவன் என்று கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் பாராட்டுகிறார்; இச்செய்தி புறநானூற்றில் உள்ளது. வாள் வலிமைக்கு இணையாகக் காற்றை ஆளும் அறிவும் ஒரு குடிக்குப் பெருமையாகக் கருதப்பட்டது என்பது இதனால் விளங்கும். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் பழைய கடல்வழி நூல், நம் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்று துறைகளைக் குறிப்பிடுகிறது. கரையை ஒட்டி ஓடும் சிறு கலங்களும், கங்கை நாட்டுக்கும் கீழ்த்திசைப் பொன் நாட்டுக்கும் செல்லும் பெருங்கலங்களும் அத்துறைகளில் இருந்தன என்கிறது அந்நூல். பாய்விரித்த கலம் சோழமண்டலக் கரையிலிருந்து வடக்கே வங்கம் நோக்கி ஓடுவதற்கு வேனிற்காலத்துத் தென்காற்றைப்போல் துணை வேறில்லை. ஐப்பசியில் காற்று வடகிழக்குக்கு மாறும்போது அதே கரை பகையாகிவிடும். 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா போர்தோனேயின் கப்பற்படை, அவ்வாண்டு அக்டோபர்ப் புயலில் சிக்கிச் சிதைந்தது. பீரங்கியை வென்றவர் பருவத்தை வெல்ல இயலவில்லை.

இனி மணலின் கதையைக் காண்போம். சென்னையில் குடியேறிய ஆங்கிலேயர், மாசி பங்குனியில் தெற்கிலிருந்து கரையை ஒட்டி வீசும் காற்றைக் கரையோரக் காற்று என்று அழைத்தனர். அது உடலைச் சோர்வுறச் செய்வது என்று குறை கூறினர். மேல்காற்று வீசும் நாட்களில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு நீர் தெளித்துக் குளிர்ச்சி பெற்றனர். உலர்ந்த காற்றுதான் நீரை உறிஞ்சித் தட்டியைக் குளிரச் செய்யும். ஈரம் மிகுந்த கரையோரக் காற்றில் தட்டியால் பயன் குறைவு. ஆனால் அவர்கள் பழித்த அந்தக் காற்று வெறுங்கையோடு வரவில்லை. அது எழுப்பும் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி, மணலைச் சிறிது சிறிதாக வடக்கே தள்ளிக்கொண்டு போயின. வேனிலில் தொடங்கித் தென்மேற்குப் பருவம் முடியும்வரை இவ்வேலை நடக்கும். வடகிழக்குப் பருவத்தில் மணலின் போக்குத் தெற்கு நோக்கித் திரும்பினும், ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்லும் மணலே மிகுதி. கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஆறு நம் கரையை ஒட்டி ஓடுகிறது எனலாம். அதில் ஓடுவது மணல்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. 1639 முதல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே மக்களையும் சரக்கையும் அலை கடந்து கரைசேர்த்தன. இக்குறையைப் போக்க 1876இல் துறைமுக வேலை தொடங்கிற்று. கடலுக்குள் இரு கரங்களைப்போல் கற்சுவர்கள் எழுந்தன. 1881ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் அவற்றைப் பெரிதும் சிதைத்தது, மீண்டும் கட்டினர். புயலின் அடி ஒரே நாளில் தெரிந்துவிட்டது. ஆனால் நாள்தோறும் வீசிய தென்காற்றின் செயல் மெல்ல மெல்லவே தெரிந்தது. வடக்கே சென்றுகொண்டிருந்த மணல், சுவரில் முட்டித் தெற்குப் பக்கத்தில் தங்கத் தொடங்கியது. முன்பு கடல் சாலைக்கு மிக அருகில் இருந்தது. இப்போது அகன்ற மணல்வெளி எழுந்து, கடல் கிழக்கே விலகிற்று. 1884இல் ஆளுநர் கிராண்ட் டப் அங்கே உலாவுவதற்கு நடைபாதை அமைத்து, மரீனா என்று பெயரிட்டார். நாம் இன்று பெருமையோடு காட்டும் அந்தக் கடற்கரை, துறைமுகச் சுவரும் கோடைக் காற்றும் சேர்ந்து ஈன்ற குழந்தையே ஆகும்.

ஒரு பக்கம் குவிந்தால் மறுபக்கம் குறைய வேண்டும் என்பது எளிய கணக்கு. தெற்கே தங்கிய மணல், வடக்கே இராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் சேர வேண்டிய மணல். அது வராமல் போகவே கடல் அப்பகுதிக் கரையை அரித்தது. மீனவர் வாழ்ந்த குப்பங்களின் நிலம் கடலுக்கு இரையாயிற்று. கல்லும் சுவரும் இட்டுக் காக்க வேண்டிய நிலை இன்றும் நீங்கவில்லை. துறைமுகத்துக்கும் தொல்லை நேர்ந்தது. மணலும் அலையும் தந்த இடையூற்றால், கிழக்கு நோக்கி இருந்த வாயிலை மூடி, வடகிழக்கில் புதிய வாயில் அமைக்க நேர்ந்தது. 1904இல் துறைமுகத் தலைமையை ஏற்ற ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் அதனைச் செய்து முடித்தார். மணலின் இப்பயணத்தை ஆராய்ந்தும் எழுதினார். அப்பாடம் முழுமையாக மனத்தில் பதிந்ததாகச் சொல்வதற்கில்லை. 1980களில் புதுச்சேரியில் துறைமுகச் சுவர் எழுந்தபின், நகரத்தின் முன்னிருந்த கடற்கரையும் இதே போல மணலிழந்து கற்குவியலாயிற்று. மாலைக் காற்று வாங்க மரீனாவில் அமர்பவர், தம் காலடி மணல் யாருடைய கரைக்குச் சேர வேண்டியது என்று ஒருமுறையேனும் எண்ணுதல் நலம்.

மரீனாவின் மணல் வெறும் பொழுதுபோக்கு இடமாகவும் இருந்துவிடவில்லை. வெயில் தணிந்து கடற்காற்று வீசும் மாலையில் ஆயிரக்கணக்கானோர் கட்டணமின்றிக் கூட வல்ல அரங்கம் அது. திருவல்லிக்கேணிக் கரையில் திலகர் பெயரால் ஓரிடம் வழங்கிற்று. விடுதலை இயக்கத்தின் பெருங்கூட்டங்கள் அங்கே நடந்தன. அந்தக் கரையோடு தொடர்புடைய கதைதான் மூன்றாவதாகிய உப்பின் கதை.

உப்பு விளைய இரண்டு வேண்டும். ஒன்று வெயில், மற்றொன்று காற்று. வெயில் மட்டும் இருந்து காற்று அசையாதிருந்தால், பாத்தியின்மேல் ஈரம் கவிந்து நிற்கும். நீர் விரைந்து வற்றாது. காற்று வந்து அந்த ஈரத்தை அகற்றிக்கொண்டே இருந்தால்தான் உப்பு பூக்கும். கடல்நீரை வாய்க்கால் வழியே கொணர்ந்து, ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு மாற்றி உறையச் செய்து, கடைசியில் சிறு பாத்திகளில் விளையவிட்டு, பலகையால் வாரிக் கூட்டுவர். பங்குனி முதல் மழைக்காலத்துக்கு முன்வரை வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் நடக்கும் தொழில் இது. பிறர் நிழல் தேடும் கோடையே உப்பளத்தார்க்கு வேலைக் காலம். ஒரு கோடை மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்துபோகும். சங்க காலத்தில் உமணர் வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றினர். வேதாரண்யத்தை அடுத்த சதுப்பு நிலத்திலோ, வேனிற்காலத்தில் மனிதன் கை வைக்காமலே உப்பு தானாக விளைந்து கிடக்கும்.

இவ்வாறு கதிரவனும் காற்றும் கொடுத்த பொருளுக்கு அரசு உரிமை கொண்டாடிற்று. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் தனியுரிமை ஆயிற்று. பின்னர் வந்த சட்டங்களும் வரியும் அவ்வுரிமையை உறுதிப்படுத்தின. கடலோரத்து ஏழை தன் கூரைக்கு அருகில் தானாக விளைந்த உப்பை ஒரு கைப்பிடி எடுத்தாலும் அது குற்றமாயிற்று. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் அச்சட்டத்தை மீறினார். அதே மாதம் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டு அன்று, இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டார். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை இயற்றிய பாடல் அவர்களுக்கு வழிநடைப் பாட்டாயிற்று. சித்திரை வெயிலில் சுமார் 150 மைல் நடைப்பயணம். தொண்டர்களுக்கு உணவும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த தார்ன் ஆணையிட்டார். ஆயினும் வழியெங்கும் மக்கள் மறைவாகவும் வெளிப்படையாகவும் சோறளித்தனர். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை முன்னின்று உதவினார். ஏப்ரல் 30ஆம் நாள் காலை இராஜாஜி சில தொண்டர்களோடு சென்று உப்பை அள்ளிக் கைதானார். அதே மாதத்தில் சென்னைக் கடற்கரையிலும் பிரகாசம் முதலியோர் உப்புக் காய்ச்சிச் சட்டத்தை மீறினர்.

இப்போராட்டம் ஏன் அந்த மாதத்தில் நடந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அரசியல் காரணங்கள் பல உண்டு, அவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் ஐப்பசி அடைமழையில் வேதாரண்யச் சதுப்பில் அள்ளுவதற்கு நீர்தான் இருந்திருக்கும். சித்திரையின் வெயிலும் காற்றும் அந்த வெண்மையான பொருளைத் தரையில் பரப்பி வைத்திருந்தன. மனிதர் குனிந்து எடுத்ததுதான் பாக்கி. 1947இல் உப்பு வரி நீங்கிற்று.

இன்று காலம் பெரிதும் மாறியிருக்கிறது. கட்டுமரப் பாய்களின் இடத்தில் இயந்திரப் படகுகள் வந்துவிட்டன. 2017 முதல், ஏப்ரல் 15ஆம் நாளிலிருந்து ஜூன் 14ஆம் நாள் வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கிழக்குக் கரையில் மீன்பிடிக்கச் செல்லாமல் நிற்கின்றன. மீன்கள் பெருகுவதற்காக இந்தத் தடை விதிக்கப்படுகிறது. உயர்ந்த கட்டடங்கள் கடற்காற்றின் வழியை மறிக்கின்றன. குளிர்சாதனம் பொருத்திய அறையில் கதவை அடைத்துக்கொண்டு இருப்பவர்களுக்குச் சென்னைக்கும் தில்லிக்கும் வேற்றுமை தெரியாது. காற்று கரையேறும் நேரத்தைக் கேட்பாரும் குறைந்துவிட்டனர். எனினும் காற்று தன் கடமையை நிறுத்தவில்லை. எழும் புதிய சுவர் ஒவ்வொன்றிலும் மணல் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. உப்பளத்தில் பாத்தி வெளுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் ஒன்றை அறிந்திருப்பர். வேனில் தொடங்கியதும் அங்கும் தெற்கிலிருந்து ஈரக்காற்று வருகிறது. வங்காளியர் அதனைத் தென்காற்று என்றே கொண்டாடுகின்றனர். மாலையில் இடியோடு வரும் 'கால பைசாகி'ப் புயலுக்கு அதன் ஈரமே உணவு. அந்தக் காற்றும் நம் கரையை ஒட்டி வடக்கே செல்லும் காற்றும் ஒரே வங்கக்கடலின் மக்கள். பம்பாயில் இருப்போர்க்கு மேற்கிலிருந்து கடற்காற்று வருகிறது. திசை மாறினும் முறை ஒன்றே. தில்லி அன்பர்களுக்கு இவ்வாறுதல் இல்லை. ஆயினும் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, பிள்ளைகளை ஒரு நாள் நண்பகலில் கடற்கரைக்கு அருகில் நிறுத்திக் காற்று திரும்பும் நேரத்தைக் காட்டுங்கள். பாட்டனார் அதனைக் கொண்டு கலம் செலுத்தியதையும், அது மணலைச் சுமந்ததையும், அது விளைவித்த உப்புக்காக மக்கள் சிறை சென்றதையும் சொல்லுங்கள். வெயிலைப் பற்றி அவர்கள் குறை கூறட்டும்; காற்றை அறிந்துகொண்டு கூறட்டும்.